அங்கோரின் அடுப்புப் புகை

அங்கோர் வாட் கோயிலின் வெளி மதிலுக்குள்ளே, 800 ஆண்டுகளுக்கு முன், பொழுது விடியும்போது புகை கிளம்பியிருக்கும். மடைப்பள்ளிப் புகையை மட்டும் சொல்லவில்லை. வீட்டு அடுப்புகளின் புகை. மேற்கு வாசலிலிருந்து கோபுரங்களை நோக்கிப் போகும் நீண்ட கல்பாதைக்கு இரண்டு பக்கமும் தெருக்கள் இருந்தன. தெருக்களை ஒட்டி வீடுகள், வீடுகளுக்கு நடுவே குளங்கள். அங்கே சோறு பொங்கியது, பிள்ளைகள் அழுதார்கள், யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்று போகிறவர்கள் பார்ப்பது வேறு. கம்போடியாவின் தேசியக் கொடியில் இருக்கும் அதே கோபுரங்கள், அவற்றின் பிம்பம் விழும் நீர், சுற்றிலும் புல்லும் மரமும். உலகமெங்கும் சுற்றிவந்த அந்தப் புகைப்படத்தில் கோயில் தன்னந்தனியாக நிற்கிறது, காட்டுக்கு நடுவில் யாரோ கட்டிவிட்டு எழுந்து போய்விட்டதைப் போல. எனக்கும் பல வருடங்கள் அந்தப் படம்தான் அங்கோராக இருந்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் டாம் சாண்ட்லரும் அவருடைய குழுவினரும் கணினியில் எழுப்பியிருக்கும் அங்கோரைப் பார்த்த பிறகு, அந்தப் புகைப்படத்தைப் பழையபடி பார்க்க முடியவில்லை. அவர்களுடையது 1300ஆம் ஆண்டை ஒட்டிய அங்கோர். சந்தை கூடுகிறது, ஊர்வலம் போகிறது, ஆட்கள் வருகிறார்கள் போகிறார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் குடைந்தது: இந்தக் கூரை இப்படித்தான் இருந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

அங்கோரில் கல் கடவுளுக்கு உரியது. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் விஷ்ணுவுக்காக எழுப்பிய அங்கோர் வாட்டின் மணற்கல், குலேன் மலையடிவாரத்தில் வெட்டப்பட்டு வந்தது. மதில்களுக்குச் செம்பூராங்கல். மனிதர்கள் வாழ்ந்தது மரத்திலும் மூங்கிலிலும் ஓலையிலும். அரசனின் மாளிகைகூட மரம்தான். மழையும் கரையானும் உள்ள மண்ணில் அவற்றில் எதுவும் மிஞ்சவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கோயில் வானளாவ நிற்கிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமும் உடைந்த ஓடுகளும்தான் கிடைத்தன. அங்கோரின் குடியிருப்புகளில் அந்தச் செங்கல் அடித்தளமும் கிடையாது.

ரோமாபுரியை மறுபடி உருவாக்க முயன்றவர்களின் நிலை இவ்வளவு மோசமில்லை. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில், நகரத்தின் தரைப்படத்தையே பளிங்குப் பலகைகளில் வெட்டிச் சுவரில் பதித்து வைத்தார்கள். ஏறத்தாழ 18 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். அதில் பத்தில் ஒரு பங்குதான் துண்டு துண்டாக மிஞ்சியது என்றாலும், கடைகளின் வாசலும் மாடிப்படியும்கூட அதில் தெரிகின்றன. 1930களில் இத்தாலோ ஜிஸ்மோந்தி தொடங்கிப் பல பத்தாண்டுகள் விரிவாக்கிய, 250இல் 1 பங்கு அளவிலான சாந்து மாதிரிக்கு அந்தத் துண்டுகளும், எழுந்து நிற்கும் செங்கல் சுவர்களும் துணை நின்றன. அங்கோருக்கு அப்படி ஒரு கல்வரைபடம் கிடையாது. அங்கோர் மக்கள் ஓலையிலும் தோலிலும் எழுதியவை எல்லாமே மக்கிவிட்டன. கல்வெட்டுகள் ஏராளமாக இருக்கின்றன, ஆனால் அவை தெருவை வர்ணிப்பதில்லை.

ஆகவே நகரம் எங்கே இருந்தது என்பதே நீண்ட காலம் குழப்பமாக இருந்தது. தொல்லியலாளர் கிறிஸ்டோஃப் பொத்தியே வான்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். இன்னொரு தொல்லியலாளரான ஜாக் கோஷே, மதில் சூழ்ந்த நகரமான அங்கோர் தோமுக்குள் காட்டில் அளந்தும் துளையிட்டும் தெருக்களைத் தேடினார். பல ஆண்டு உழைப்பு அது. பிறகு 2012இல் டேமியன் எவன்ஸ் தலைமையில் லிடார் வந்தது.

லிடார் என்பது லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி. அதை ஹெலிகாப்டரில் கட்டிக்கொண்டு, உழவன் வயலில் சால் போடுவது மாதிரி, காட்டுக்கு மேல் வரிசை வரிசையாகப் பறப்பார்கள். கருவி நொடிக்குப் பல்லாயிரம் ஒளித் துடிப்புகளைக் கீழே அனுப்பும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்ப எடுத்த நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். பெரும்பாலான துடிப்புகள் இலையிலும் கிளையிலும் பட்டுத் திரும்பிவிடும். ஒரு சில மட்டும் இலைகளின் சந்தில் நுழைந்து மண்ணைத் தொட்டுவிட்டு வரும். அந்தச் சிலவற்றைச் சலித்து எடுத்துப் படமாக்கினால், மரங்களை உரித்துப் போட்டது மாதிரி நிலம் மட்டும் கிடைக்கும். முழங்கால் உயர மேடும் அதில் தப்பாது.

2012இல் 370 சதுர கிலோமீட்டரும், 2015இல் 1,900 சதுர கிலோமீட்டருக்கு மேலும் அளந்தார்கள். குலேன் மலைக்காட்டில் மகேந்திரபர்வதம் என்ற பழைய தலைநகரின் பெருந்தெருக்கள் தெரிந்தது அப்போதுதான். என்னைக் கவர்ந்தது அதைவிட அங்கோர் வாட்டின் படம். கோயிலின் வெளி மதில் கிழக்கு மேற்காக 1,024 மீட்டர், வடக்கு தெற்காக 802 மீட்டர். உள்ளே 200 ஏக்கருக்கு மேல். நடுவில் இருக்கும் கற்கோயில் அதில் ஒரு சிறு பகுதிதான். மீதி இடமெல்லாம் சும்மா கிடந்தது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லிடார் படத்தில் அந்த வெற்றிடம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தது. நேர்கோட்டுத் தெருக்கள், தெருக்களுக்கு நடுவே ஒரு மேடு ஒரு பள்ளம், ஒரு மேடு ஒரு பள்ளம். மேடு, வீடு கட்டிய இடம். பள்ளம் அந்த மேட்டுக்கு மண் எடுத்த குளம். அங்கோர் தோம் மதிலுக்குள்ளும் இதே கட்டம், மதிலைத் தாண்டி வெளியிலும் இதே கட்டம்.

இந்த மேடுகளில் ஒன்றின் மீது ஒரு வீட்டைக் கட்டிப் பார்க்கலாம். கணினிக் கலைஞர் கட்டுவதைப் போலவே, ஒவ்வொன்றாக.

மேடும் குளமும் கையில் இருக்கின்றன. அவற்றுக்கு லிடாரும் மண்வெட்டியும் சாட்சி. 2015இல் அலிசன் கார்ட்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கோர் வாட் மதிலுக்குள் இருக்கும் ஒரு மேட்டைத் தோண்டிப் பார்த்தார்கள். கோபுரத்தைத் தேடி வந்த தொல்லியல் நூறு வருடம் கழித்து ஒரு சமையற்கட்டைத் தேடி வந்தது. சமைத்த இடத்தின் தடயமும் மட்பாண்டத் துண்டுகளும் சீனப் பாண்டங்களின் துண்டுகளும் கிடைத்தன.

அடுத்து, வீடு தரையோடு இருந்ததா, கால்நட்டு உயர்த்தி இருந்ததா? இதற்குப் பதில் சொல்ல ஒரு சீனர் வரவேண்டும். 1296 ஆகஸ்டில், யுவான் பேரரசின் தூதுக்குழுவோடு சோ தாகுவான் என்பவர் அங்கோருக்கு வந்தார். ஏறத்தாழ ஒரு வருடம் தங்கினார். ஊர் திரும்பி, பார்த்ததை எல்லாம் எழுதி வைத்தார். தலைநகராக இருந்த அங்கோரைக் கண்ணால் கண்டு எழுதிய ஒரே குறிப்பாக இன்று நம் கையில் இருப்பது அவருடையதுதான். அவர் வீடுகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கால்களின் உயரத்தைச் சொல்லவில்லை. அடிமைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சொல்லிவிடுகிறார். அவர்கள் வீட்டுத் தளத்துக்குக் கீழேதான் உட்காரலாம், படுக்கலாம். வேலை இருந்தால் மட்டுமே மேலே ஏறலாம், ஏறியதும் மண்டியிட்டுக் கைகூப்பி விழுந்து கும்பிட வேண்டும். ஆக, ஓர் ஆள் உட்காரும் உயரத்துக்கு வீட்டுக்குக் கீழே இடம் இருந்திருக்கிறது. அளவுகோல் இல்லாத இடத்தில் ஒரு கொடுமையின் வர்ணனை அளவுகோலாக நிற்கிறது. இந்த இடத்தை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

கூரைக்கு வேறு சாட்சி தேவையில்லை, அவரே போதும். அரண்மனையின் முக்கியக் கட்டடத்துக்கு ஈய ஓடு, மற்றவற்றுக்கு மஞ்சள் நிறச் சுட்ட ஓடு. பெரிய அதிகாரிகளின் வீட்டில் குலதெய்வ அறைக்கும் பிரதான அறைக்கும் மட்டும் ஓடு போட அனுமதி. சாமானியர்களுக்கு ஓலையோ புல்லோதான். ஒரு ஓட்டைக்கூட வைக்கத் துணிய மாட்டார்கள் என்கிறார். இது கணினியில் வேலை செய்பவருக்குப் பெரிய வரம். எந்த மேட்டில் எந்தக் கூரை என்பது அழகுணர்ச்சியைப் பொறுத்த விஷயமாக இல்லாமல், ஊரின் சட்டமாக ஆகிவிடுகிறது. அதை விதியாக எழுதிக் கொடுத்துவிட்டால் கணினி ஆயிரம் வீடுகளை வேய்ந்துவிடும்.

கூரையின் சாய்வுக்கும் முகப்பின் வளைவுக்கும் பயோன் கோயிலின் வெளிச்சுற்றுப் புடைப்புச் சிற்பங்களைப் பார்க்க வேண்டும். ஏழாம் ஜெயவர்மன் கட்டிய கோயில் அது. சாம் நாட்டாரோடு நடந்த போரைச் செதுக்கிய சிற்பி, கீழ் வரிசையில் ஊரையும் செதுக்கிவிட்டான். மீன் விற்கும் பெண்கள், சேவற்சண்டை, கொதிக்கும் கொப்பரை, கொண்டை போட்ட சீன வியாபாரிகள், கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். வீடு வரைகிறவர்கள் முதலில் போய் நிற்பது அந்தச் சுவர் முன்னால்தான்.

உள்ளே நுழைந்தால் மேசை, நாற்காலி, வாளி எதுவும் கிடையாது. தரையில் பாய். மூன்று கற்களை மண்ணில் பதித்த அடுப்பு, சோற்றுக்கு மண்பானை, கொட்டாங்கச்சி அகப்பை. சோறு சீனத்து மண் தட்டிலோ செம்புத் தட்டிலோ. குழம்புக்கு இலைத் தொன்னை. சீனர் எழுதிய இந்த வரியும், மேட்டில் தோண்டும்போது கிடைத்த சீனப் பாண்டத் துண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்கின்றன. எழுத்தும் மண்ணும் ஒரே விஷயத்தைச் சொல்லும் அந்தச் சில சதுர அடிகளில் மறுஉருவாக்கம் உறுதியான தரையில் நிற்கிறது.

குளத்தையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் குளம், இல்லையென்றால் இரண்டு மூன்று வீட்டுக்குப் பொதுவாக ஒன்று. கழிப்புக் குழியும் அப்படியே இரண்டு மூன்று வீட்டுக்குப் பொது. மேலே புல்லைப் போட்டு மூடுவார்கள், நிறைந்ததும் தூர்த்துவிட்டு வேறு இடத்தில் தோண்டுவார்கள். முடித்துவிட்டுக் குளத்தில் போய்க் கழுவுவார்கள், இடது கையால் மட்டும். வலது கை சோற்றுக்கு. சீனர்கள் காகிதத்தால் துடைப்பதைப் பார்த்து அங்கோர்க்காரர்கள் சிரித்தார்களாம். நமக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது. மோனாஷ் போன்ற குழுக்கள் நகரத்தை உயரத்திலிருந்து காட்டும்போது கண்ணுக்கு முதலில் படுவது இந்தக் குளங்கள்தான். சூரியன் சாயும்போது ஊர் முழுக்கக் கண்ணாடிச் சில்லுகளாக மின்னியிருக்க வேண்டும்.

இப்போது வீடு தயார். அதில் எவ்வளவு சாட்சி, எவ்வளவு ஊகம்? மேடு, குளம், அடுப்பு, கூரை விதி ஆகியவை சாட்சி. கால்கள் இருந்தன என்பது சாட்சி, எத்தனை கால் என்பது ஊகம். சுவர் மூங்கில் தட்டியா பலகையா, ஏணி எந்தப் பக்கம், முற்றத்தில் எந்த மரம், கோழி எங்கே அடையும்? இவையெல்லாம் இன்றைய கம்போடியக் கிராமங்களைப் பார்த்து நிரப்பியவை. அங்கோர்ப் பூங்கா எல்லைக்குள் இன்றும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே கால்நட்ட வீடுகளும் இருக்கின்றன. 700 வருடத்தில் வீடு மாறவே இல்லை என்று எண்ணிக்கொள்வது பெரிய துணிச்சல்தான். அந்தத் துணிச்சல் இல்லாமல் வீடு எழாது.

இந்த ஊகத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. தெரியாததை வரையாமல் விடுவதே நேர்மை என்பார்கள். அந்தக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குக் காரணம் அங்கோரின் பழைய படங்கள்.

1866இல் தொடங்கிய பிரெஞ்சு மேகாங் பயணக் குழுவில் ஓவியராகப் போன லூயி தெலாபோர்த், 1880இல் வெளியிட்ட நூலில் அங்கோர்க் கோயில்களைச் சிதையாத நிலையில் வரைந்து காட்டினார். அபாரமான கைத்திறன். பயோனின் முகக் கோபுரங்களை உயர்த்திக் கற்பனையில் முழுமையாக்கினார். அவர் வரைந்த படங்களில் கோயில் முழுமை, ஊர் வெறுமை. அடர்ந்த மரங்களும் அங்கங்கே சில ஆட்களும். 1931இல் பாரிஸ் அருகே வன்சேனில் நடந்த காலனியக் கண்காட்சியில் அங்கோர் வாட்டின் நடுக்கோயிலை நிஜ அளவிலேயே எழுப்பினார்கள். கல்லில் கட்டிய கோயிலை மரச் சட்டத்திலும் சாந்திலும் கட்டி, கண்காட்சி முடிந்ததும் பிரித்துப் போட்டார்கள். லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். அவர்கள் மனத்தில் பதிந்தது மக்கள் இல்லாத கோயில், காடு விழுங்கிய நாகரிகம், அதை மீட்டெடுத்த பிரெஞ்சுக்காரர்கள். உண்மையில் அங்கோர் வாட் வழிபாடு முற்றிலும் நின்ற இடமல்ல. பௌத்தத் துறவிகள் அங்கே இருந்துகொண்டே இருந்தார்கள். 1632இல் ஒரு ஜப்பானிய யாத்ரீகர் தூணில் எழுதிவிட்டுப் போன வரிகள் இப்போதும் தெரிகின்றன.

வீட்டை வரையாமல் விட்டவர்களும் ஓர் ஊகத்தைத்தான் வரைந்தார்கள். அங்கே யாரும் இல்லை என்ற ஊகம். லிடார் படத்துக்குப் பிறகு நமக்குத் தெரியும், தெலாபோர்த்தின் வெறுமையைவிட ஏணி எந்தப் பக்கம் என்று தெரியாமல் வைத்த வீடு உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது: எந்த ஆண்டு? நகரத்தை வரைகிறவர் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். மோனாஷ் குழு 1300ஐ எடுத்துக்கொண்டதற்கு சோ தாகுவானின் வருகை பெரிய காரணம். அதே நகரத்தை 1200இல் வரைந்தால் வேறு நகரம் வரும். பயோனை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் ஜெயவர்மன் மகாயான பௌத்தர். பயோனின் கருவறையில் 3.6 மீட்டர் உயரப் புத்தர் சிலை இருந்தது. நாகத்தின் மேல் அமர்ந்த புத்தர். 1933இல் ஜார்ஜ் ட்ரூவே கருவறைக்குக் கீழே இருந்த குழியில் அதைத் துண்டு துண்டாகக் கண்டெடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் சைவம் மறுபடி ஓங்கியபோது உடைத்துப் போட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் ஜெயவர்மனின் கோயில்களில் எத்தனையோ புத்தர் உருவங்கள் செதுக்கி அழிக்கப்பட்டன, சில லிங்கமாக மாற்றப்பட்டன. ஆக 1200இன் படத்தில் அந்தப் புத்தர் கருவறையில் தீபங்களுக்கு நடுவே இருக்க வேண்டும். 1300இன் படத்தில் அவர் குழிக்குள் கிடக்க வேண்டும்.

அதே கோயிலைப் பற்றி சோ தாகுவான் சொல்லும் இன்னொரு செய்தி கலைஞர்களைத் தூங்கவிடாது. நகரத்தின் நடுவில் பொற்கோபுரம் என்கிறார். அதற்குக் கிழக்கே பொற்பாலம், பாலத்தின் இரு பக்கமும் பொற்சிங்கங்கள். வடக்கே அதைவிட உயர்ந்த செப்புக் கோபுரம். முதலாவது பயோன், இரண்டாவது பாபுவோன் என்பது பொதுவான கருத்து. இன்று பயோன் கரும்பச்சைப் பாசி படிந்த கல். அதைத் தங்கமாக்குவது ஒரு சொடுக்கில் முடியும். எவ்வளவு தங்கம் என்பதுதான் கேள்வி. உச்சிக் கலசம் மட்டுமா, கோபுரம் முழுவதுமா? தங்க ரேக்கா, பூச்சா? தூதுவர் கண்ணுக்கு வெயிலில் மின்னியதெல்லாம் பொன்னாகத் தெரிந்திருக்கலாம். மறுஉருவாக்கத்தில் ஒரு நகரத்தின் முகத்தையே மாற்றும் முடிவு இது, ஆதாரமோ ஒற்றை வரி. இந்த இடத்தில் இரண்டு மூன்று விதமாக வரைந்து எல்லாவற்றையும் காட்டிவிடுவதே சரி என்று எனக்குப் படுகிறது.

மரங்களும் இதே கதைதான். இன்றுள்ள காடு அன்று இல்லை. வயல், தென்னை, பனை, தோப்பு. சிட்னி பல்கலைக்கழகத்தின் டான் பென்னியும் சக ஆய்வாளர்களும் அங்கோர் தோம் அகழியின் அடிமண்ணைக் குழாய்போல எடுத்து, படிந்த மகரந்தத்தையும் கரித்துகளையும் அடுக்கடுக்காகப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, நகரத்தின் நடுப்பகுதியில் நிலப் பயன்பாடு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குறையத் தொடங்கிவிட்டது. அயுத்தியா படையெடுப்பால் 1431இல் அங்கோர் விழுந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லுமே, அதற்கு நூறு வருடம் முன்பே. 1300ஐக் காட்டும் படத்தில் ஊர் நிறைந்திருக்கிறது. இன்னும் இரண்டு தலைமுறை போனால் சில மேடுகளில் கூரை இருக்காது.

ஊர் நிறைந்திருந்தது என்றால் எத்தனை பேர்? 2021இல் வெளியான ஓர் ஆய்வு, 13ஆம் நூற்றாண்டில் அங்கோரின் பெருநகர்ப் பகுதி முழுவதிலும் 7 லட்சம் முதல் 9 லட்சம் வரை மக்கள் வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. வயலும் குடியுமாகப் பரந்த ஊர் அது. கோயில்களுக்கு உள்ளே எத்தனை பேர் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. தா ப்ரோம் கோயிலில் 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டு 12,640 பேரைச் சொல்கிறது. அதில் 615 பேர் ஆடல் மகளிர். கோயிலுக்கு நெல்லும் பொருளும் தர 3,140 ஊர்களின் 79,365 பேர்.

எண்ணைப் படிப்பது ஒன்று, அத்தனை பேரை நிற்க வைத்துப் பார்ப்பது வேறு. தா ப்ரோமின் வெளி மதில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம், 600 மீட்டருக்குச் சற்று மேல் அகலம். 12,640 பேரும் உள்ளேயே குடியிருந்தால் தலைக்கு 50 சதுர மீட்டர் வரும். அதற்குள்தான் கோயிலும் தெருவும் குளமும் அடங்க வேண்டும். லிடாரில் தெரியும் மேடுகளை எண்ணினால் அவ்வளவு குடும்பத்துக்கு இடம் போதவில்லை. அப்படியானால் கல்வெட்டில் உள்ளவர்களில் பலர் வெளியே குடியிருந்து, முறைவைத்து வேலைக்கு வந்து போயிருக்க வேண்டும். கோயில் பணியாளர்கள் காலையில் வாசலில் நுழைவதும் மாலையில் போவதும் அங்கோரின் அன்றாடக் காட்சி.

சாண்ட்லர் குழு அங்கோர் வாட்டுக்குச் செய்தது இதைத்தான். ஒரு முழு நாள், 24 மணி நேரம், ஆயிரக்கணக்கான உருவங்களை நடக்கவிட்டார்கள். ஒவ்வொரு உருவமும் திரையில் ஒரு சிறு கணினி நிரல். எங்கே கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும், எதிரே ஆள் வந்தால் எப்படி விலக வேண்டும் என்ற விதிகளை மட்டும் கொடுத்துவிட்டால், கூட்டம் தானாக உருவாகும். மேற்கு வாசல் நெரிகிறதா, கிழக்கு வாசல் ஏன் வெறிச்சோடுகிறது, சுமையோடு வருபவர் எந்தப் பாதையைப் பிடிப்பார் என்று கண்ணால் பார்க்கலாம். எண்ணை மாற்றி மறுபடி ஓட்டலாம். படமாகத் தொடங்கியது இங்கே சோதனைச் சாலையாக மாறிவிடுகிறது. தொல்லியலாளர் ஒருவர், இங்கே ஒரு வாய்க்கால் இருந்தது, உங்கள் ஆள் தண்ணீரில் நடக்கிறான் என்று சொன்னால் மறுநாள் திருத்திவிடலாம்; சாந்தில் செய்த மாதிரியில் அது நடக்காது.

சந்தைக்கு ஆள் நிறுத்தும்போதும் விதி உண்டு. விடியலிலிருந்து நண்பகல் வரைதான் சந்தை என்கிறார் சோ தாகுவான். கடை கிடையாது, தரையில் பாய் விரித்துச் சரக்கு வைப்பார்கள், இடத்துக்கு அதிகாரிகளிடம் வாடகை கட்டுவார்கள். வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். அங்கே வந்து இறங்கும் சீனர்கள் முதல் வேலையாக ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வார்களாம், வியாபாரத்துக்குத் துணையாக. ஆகவே சந்தைக் காட்சியில் ஆண்கள் கூவி விற்றால் அந்தப் படம் தப்பு. பிற்பகலில் கூட்டம் இருந்தாலும் தப்பு.

படம் நிஜம்போல இருக்க இருக்க ஆபத்தும் கூடுகிறது. பென்சில் கோட்டில் வரைந்த வீட்டைப் பார்த்தால் இது ஒருவர் கருத்து என்று யாருக்கும் தெரியும். ஓலையில் ஈரம் சொட்ட, புகை காற்றில் வளைய, நாய் உடம்பைச் சிலுப்ப, கணினி காட்டும் வீட்டைப் பார்த்தால் கேமராவால் எடுத்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. இதற்காகத்தான் 2006இல் உருவாகி 2009இல் திருத்தப்பட்ட லண்டன் சாசனம், கணினி மறுஉருவாக்கங்களில் எது சான்று, எது அனுமானம், ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்பதைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று கேட்டது. நல்ல குழுக்கள் செய்கின்றன. சுற்றுலாக் காணொளிகளும் திரைப்படங்களும் செய்வதில்லை. என் ஆசை எளியது. அதே காட்சியைப் பக்கத்தில் இன்னொரு முறை காட்டுங்கள்: தோண்டி எடுத்தது ஒரு நிறத்தில், எழுத்திலோ சிற்பத்திலோ இருப்பது இன்னொரு நிறத்தில், ஊகித்தது வெறும் சாம்பலில். அங்கோரின் பெரும்பகுதி சாம்பலாகத்தான் இருக்கும். பள்ளிப் பிள்ளைக்குக்கூட அது புரியும், இன்னும் தோண்ட வேண்டியது எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

அரண்மனையின் உள்ளே அப்படிச் சாம்பல் நிறம்தான். சோ தாகுவானை உள்ளே விடவில்லை. பொன் சட்டமிட்ட ஜன்னலும் கண்ணாடிகளும் உண்டு என்று எழுதினார். அரசனை அவர் பார்த்தது ஊர்வலத்தில். முன்னால் படை, கொடிகள், மேளம். பிறகு பட்டப்பகலிலும் மெழுகுவர்த்தி ஏந்திய அரண்மனைப் பெண்கள் நூற்றுக்கணக்கில். கடைசியில் யானை மேல் வாளேந்தி நின்றுகொண்டு வந்த அரசன், சுற்றிலும் பொற்பிடி போட்ட வெண்குடைகள். வரைய ஆசைப்படாத கலைஞர் யார்? எல்லா மறுஉருவாக்கத்திலும் இந்த ஊர்வலம் இருக்கும்.

வீட்டுக்குக் கீழே படுத்திருக்கும் ஆள் எல்லாவற்றிலும் இருக்க மாட்டார். வசதியான வீட்டில் நூறு அடிமைகளுக்கு மேல், மிகவும் ஏழை வீட்டில் மட்டும் யாருமில்லை என்று அதே சோ தாகுவான்தான் எழுதினார். யானை ஊர்வலத்துக்கு அவருடைய சொல்லை நம்பினால், இதற்கும் நம்ப வேண்டும். நாம் கட்டிய அந்த வீட்டின் கால்களையே அந்த ஆளின் தலைக்கு மேலேதானே அளந்தோம்?

அங்கோர்க் கல்வெட்டுகள் இரண்டு மொழியில் பேசும். தெய்வத்தையும் அரசனையும் போற்றும் இடம் சமஸ்கிருதச் செய்யுள். நிலம், மாடு, நெல், ஆள் என்று கணக்கெழுதும் இடம் பழைய கெமர் மொழி. அந்தக் கணக்கில் கோயிலுக்குக் கொடுத்த அடிமைகளின் பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன, ஆணுக்கு ஒரு முன்னொட்டு, பெண்ணுக்கு ஒரு முன்னொட்டு போட்டு. சில பெயர்களுக்கு நாய் என்று பொருள். சிலவற்றுக்கு நாற்றம் என்று பொருள்.

அங்கோர் வாட்டுக்குப் போகிறவர்கள் மேற்கு வாசலைக் கடந்ததும் கோபுரத்தைப் பார்த்தபடி நேராக நடந்துவிடுவார்கள். பாதையின் நடுவே கொஞ்சம் நின்று, இடப்பக்கமோ வலப்பக்கமோ மரங்களுக்குள் பார்க்க வேண்டும். தரை லேசாக எழும்பித் தாழும், மறுபடி எழும்பும். தாழ்ந்த இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும். எழும்பிய இடத்தில் மூன்று கல் அடுப்பு எரிந்தது. அடுப்புக்கும் தண்ணீருக்கும் இடையே, தளத்துக்குக் கீழே விழுந்த நிழலில், அந்தப் பெயர்களை உடையவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.